1848: தாராளவாதிகள் ஏன் எல்லோருக்கும் ஓட்டு கேட்கவில்லை?

தேன்மொழி

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. வரலாறு ரெண்டாம் வருஷம். நவீன ஐரோப்பா தாள்ல ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

தாராளவாதம்னா அரசியல் சாசனம், பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, சட்டத்தின் முன் சமம், சொத்துரிமை. சரி. ஜனநாயகம்னா மக்கள் ஆட்சி, எல்லாருக்கும் ஓட்டு. அதுவும் சரி. ஆனா 1848 பாரிஸ் புரட்சி அத்தியாயத்துல இவங்க ரெண்டு பேரும் பிப்ரவரியில ஒண்ணா நிக்கிறாங்க, ஜூன்ல ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிறாங்க. நடுவுல என்ன நடந்துச்சுன்னு புத்தகம் சொல்லவே இல்ல. பேச்சுரிமைக்காகச் சிறைக்குப் போனவங்க ஓட்டுரிமையை ஏன் எதிர்க்கணும்? வகுப்புல கேட்டா "வரையறையை அப்படியே எழுது, மார்க் வரும்"னு சொல்லிட்டாங்க. எனக்கு மார்க்கும் வேணும், புரியவும் வேணும்.

திருவையாறு வாத்தியார்

தேன்மொழி, இந்தக் கேள்வியைக் கேட்காமல் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவைத் தாண்டவே முடியாது. நல்ல இடத்தில்தான் நின்றிருக்கிறாய் அம்மா. பிரான்சை மட்டும் எடுத்துக்கொள்வோம். எண்களைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

1789 ஆகஸ்டில் மனித உரிமைப் பிரகடனம் வருகிறது. மனிதர்கள் பிறப்பால் சுதந்திரர்கள், உரிமையில் சமமானவர்கள் என்கிறது. அதே சபை 1791-ல் எழுதிய சாசனம் குடிமக்களை இரண்டாகப் பிரித்தது. 25 வயது நிரம்பி, மூன்று நாள் கூலிக்குச் சமமான நேரடி வரி கட்டும் ஆண் "செயலுள்ள குடிமகன்". அவனுக்கு ஓட்டு உண்டு. வீட்டு வேலைக்காரர்களும் அந்த வரி கட்ட முடியாத ஏழைகளும் "செயலற்ற குடிமக்கள்". பெண்கள் எல்லோரும் அந்த இரண்டாம் பக்கத்தில்தான். சட்டம் காக்கும், ஆனால் சட்டம் செய்யும் இடத்துக்கு வர வேண்டாம். பிரகடனத்தை எழுதியவர்களுக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை.

நெப்போலியன் வீழ்ந்தபின் 1814 சாசனம் கயிற்றை இன்னும் இறுக்கியது. ஓட்டுப்போட 30 வயது, ஆண்டுக்கு 300 ஃபிராங்க் நேரடி வரி. தேர்தலில் நிற்க 40 வயது, 1,000 ஃபிராங்க் வரி. மூன்று கோடி மக்களுள்ள நாட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் வாக்காளர்கள். 1830 ஜூலையில் பாரிஸ் மூன்று நாள் எழுந்து மன்னன் பத்தாம் சார்லஸை விரட்டுகிறது. தடுப்பரண்களில் செத்தவர்கள் அச்சுத் தொழிலாளர்கள், தச்சர்கள், கொத்தனார்கள். ஆட்சிக்கு வந்தவர்கள் தாராளவாதிகள். அவர்கள் செய்த தேர்தல் சீர்திருத்தம், 300 ஃபிராங்கை 200 ஆக்கியது. 1840-களின் நடுவில், மூன்றரைக் கோடி மக்களில் வாக்காளர்கள் சுமார் 2,40,000 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

அந்த ஆட்சியின் மன்னர் லூயி பிலிப், மூளையாக இருந்தவர் அமைச்சர் கீசோ. சோர்போன் பல்கலையில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். 1833-ல் ஒவ்வொரு ஊராட்சியும் தொடக்கப்பள்ளி வைக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தவர். மக்களை வெறுத்தவர் என்று அவரை ஒரே வரியில் தள்ளிவிடக் கூடாது. அவர் கொள்கை இது: வாக்கு என்பது பிறப்பால் வரும் உரிமை அல்ல, சமூகத்துக்காகச் செய்யும் பணி. அந்தப் பணிக்குத் தகுதி வேண்டும். தகுதி என்றால் யோசிக்க ஓய்வு, படிப்பு, பிறர் கைக்குள் இல்லாத வாழ்க்கை. இவை யாரிடம் இருக்கின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வரி ரசீதைப் பார். "செல்வம் சேருங்கள்" என்று அவர் சொன்னது இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முழு வாக்கியத்தில் அறிவு பெறுங்கள், நாட்டின் ஒழுக்க நிலையையும் பொருள் நிலையையும் உயர்த்துங்கள் என்பதும் இருந்தது. ஊருக்கு எட்டியது நடுத்துண்டு மட்டும்.

ஆக, நீ கேட்டதற்கு என் பதில்: அந்தக் காலத் தாராளவாதியின் முதல் கேள்வி "யார் ஆள்வது" அல்ல, "ஆட்சி எங்கே நிற்க வேண்டும்" என்பது. ஜனநாயகவாதியின் முதல் கேள்வியே "யார் ஆள்வது". மன்னன் வரம்பு மீறும்போது இருவரும் ஒரே தெருவில் நிற்பார்கள். மன்னன் ஓடிய மறுநாள் பிரச்சினை தொடங்கும்.

செழியன்

வாத்தியார் ஐயா ரொம்ப மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். நான் நேராகவே சொல்கிறேன். "தகுதி" என்பது சொத்துக்குப் போட்ட சட்டை.

1848 பிப்ரவரி முதல் ஜூன் வரை நாள் நாளாகப் படியுங்கள் தேன்மொழி. கூட்டம் போட்டு அரசியல் பேசத் தடை இருந்ததால் எதிர்க்கட்சியினர் விருந்து என்ற பெயரில் கூடினார்கள். பிப்ரவரி 22-ல் நடக்க இருந்த பாரிஸ் விருந்துக்குத் தடை விழுந்தது. 23-ம் தேதி இரவு காப்புசின் சாலையில் துருப்புகள் கூட்டத்தின் மேல் சுட்டன. பிணங்களை வண்டியில் ஏற்றித் தீவட்டி வெளிச்சத்தில் நகரம் முழுக்க இழுத்துப்போனார்கள். 24-ம் தேதி லூயி பிலிப் முடி துறந்தார். தற்காலிக அரசில் கவிஞர் லாமர்த்தீனும் இருந்தார், சோசலிஸ்ட் லூயி பிளாங்கும் இருந்தார், ஆல்பேர் என்ற தொழிலாளியும் இருந்தார்.

மார்ச் தொடக்கத்திலேயே 21 வயது நிரம்பிய ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு. ஒரே வாரத்தில் இரண்டரை லட்சம் வாக்காளர்கள் 90 லட்சத்தைத் தாண்டினார்கள்! அதுவரை ஐரோப்பாவில் எந்தப் பெரிய நாடும் அப்படி ஒரு பாய்ச்சல் பாய்ந்ததில்லை.

தொழிலாளி அடுத்துக் கேட்டது வேலை செய்யும் உரிமை. அதற்காகத் தேசியப் பட்டறைகள் வந்தன. வேலை நாளுக்கு 2 ஃபிராங்க் கூலி. ஜூனில் பட்டறைப் பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை என்ன செய்தது? ஜூன் 21-ல் ஆணை: 18-லிருந்து 25 வயதுக்குள் இருக்கும் கல்யாணமாகாதவர்கள் பட்டாளத்தில் சேர வேண்டும், மற்றவர்கள் வெளி மாகாணத்துக்குச் சதுப்பு நிலம் வடிக்கப் போக வேண்டும். 23-ம் தேதி கிழக்குப் பாரிஸ் முழுக்கத் தடுப்பரண். ஜெனரல் கவேஞாக் பீரங்கி கொண்டு நான்கு நாளில் அடக்கினார். ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் அல்ஜீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள்.

பிப்ரவரியில் தொழிலாளியின் ரத்தம் புரட்சிக்கு வேண்டியிருந்தது. ஜூனில் அதே தொழிலாளி நாகரிகத்தின் எதிரி ஆகிவிட்டான். நடுவில் நடந்தது இதுதான் தேன்மொழி. சொத்தைத் தொடாதவரை சுதந்திரம், தொட்டால் துப்பாக்கி.

அரவிந்தன் கோவை

செழியன், ஜூன் நாட்களைப் பற்றி நீங்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. அது பெரும் பாவம். ஆனால் தாராளவாதிகளின் பயத்தை வெறும் பணப்பெட்டிப் பயமாகச் சுருக்கினால் அந்த நூற்றாண்டின் மறுபாதி தெரியாமல் போகும்.

அவர்கள் எதை நினைத்துப் பயந்தார்கள்? 1793-94-ன் பயங்கர ஆட்சியை. மக்களின் பெயரால் பேசிய குழு, மக்களின் பெயராலேயே தலைகளை வெட்டியது. 1793 சாசனம் ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு தந்தது, ஆனால் ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. அவசரநிலை முடியட்டும் என்று ஒத்திவைத்துவிட்டார்கள். பெண்களுக்கும் அதே உரிமை உண்டு என்று 1791-ல் தனிப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் தெ கூஜ் 1793 நவம்பரில் கில்லட்டினுக்குப் போனார். தாராளவாத எழுத்தாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் 1819-ல் பாரிஸில் ஆற்றிய உரையின் சாரமே இதுதான்: ஆளும் அதிகாரத்தில் பங்கு கிடைத்துவிட்டது என்பதற்காக, தனிமனிதனின் வீட்டுக்குள்ளும் மனசாட்சிக்குள்ளும் அந்த அதிகாரம் நுழையலாம் என்று ஆகாது. அதிகாரம் மன்னன் கையில் இருந்தாலும் சரி, மக்கள் கையில் இருந்தாலும் சரி, எல்லை வேண்டும்.

அந்தப் பயம் பொய்யாகவும் இல்லை. 90 லட்சம் பேருக்கு ஓட்டு கிடைத்தது. 1848 டிசம்பர் 10-ல் ஜனாதிபதித் தேர்தல். பழைய நெப்போலியனின் தம்பி மகன் லூயி நெப்போலியனுக்கு 54 லட்சம், கவேஞாக்குக்கு சுமார் 14 லட்சம், லாமர்த்தீனுக்கு 20,000-ஐ ஒட்டி. மூன்று ஆண்டு கழித்து, 1851 டிசம்பர் 2 விடியற்காலையில் அதே ஜனாதிபதி சபையைக் கலைத்தார், எதிரிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பிச் சிறைக்குக் கொண்டுபோனார். பிறகு மக்களிடமே கேட்டார். எழுபது லட்சத்துக்கு மேல் "ஆம்". ஆறரை லட்சத்துக்குள் "இல்லை". பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டிருந்தது, முப்பதுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் ராணுவ முற்றுகைச் சட்டத்தின் கீழ். அடுத்த ஆண்டே பேரரசர்.

பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, சங்கம் சேரும் உரிமை இல்லாத இடத்தில் ஓட்டு என்பது கையெழுத்து வாங்கும் சடங்கு. இதைத்தான் தாராளவாதிகள் சொன்னார்கள். அதைச் சொத்துத் தகுதியோடு கட்டிப்போட்டது அவர்கள் செய்த கேடு, ஒத்துக்கொள்கிறேன். அதற்காகச் சொன்னது பொய்யாகிவிடாது.

நூலக மூலை

இந்த இழையை ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன். அரவிந்தன் சொன்ன அந்த 54 லட்சம் ஓட்டைப் பத்திதான் எழுதணும்னு தோணுது. "படிக்காத குடியானவன் நெப்போலியன் பேரைக் கேட்டு மயங்கிட்டான்"னு எல்லாரும் எழுதிட்டுப் போயிடறாங்க. கொஞ்சம் வரி நோட்டீஸைப் பாருங்க.

மார்ச் 1848-ல குடியரசு அரசு கஜானாவைத் திறந்து பாத்தா காலி. உடனே நேரடி வரி எல்லாத்துக்கும் ஃபிராங்குக்கு 45 சாந்தீம் கூடுதல்னு ஆணை. நூத்துக்கு நாற்பத்தஞ்சு! நிலம் வெச்சிருந்தவன் எல்லாரும் கட்டணும். 1845-46லேருந்து உருளைக்கிழங்கு நோய், கோதுமை விளைச்சல் போச்சு, அப்புறம் விலை சரிஞ்சு கடன் நின்னுச்சு. அந்த நிலைமையில இருக்குற குடியானவன் வீட்டுக் கதவைக் குடியரசு முதல் தடவையா தட்டுறது வரி வாங்கத்தான். பாரிஸ்ல பட்டறைத் தொழிலாளிக்குக் கூலி கொடுக்க எங்கிட்ட வரியான்னு அவன் கேட்டான். பல ஊர்ல வரி கொடுக்க மாட்டோம்னு கலவரமே நடந்துச்சு. டிசம்பர்ல அவன் குடியரசுக்காரங்க யாருக்கும் போடல. அறியாமைன்னு இதைச் சொல்ல எனக்கு மனசு வரல. வரியைப் போட்டவனுக்கு எதிரா ஓட்டுப் போட்டான், அவ்வளவுதான்.

இன்னொரு காட்சி. 1848 ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறு, முதல் தேர்தல். எழுத்தாளரும் அரசியல்வாதியுமான அலெக்சி தெ தொக்வில் தன் நினைவுக் குறிப்புல எழுதி வெச்சிருக்கார். நார்மண்டியில அவர் பேரையே கொண்ட கிராமம். பூசை முடிஞ்சதும் ஓட்டுப் போடப் பக்கத்து ஊரான சேன்-பியேர்-எக்லீஸுக்கு எல்லாரும் ஒண்ணா நடக்கணும். ரெண்டு ரெண்டு பேரா வரிசை, பேரோட அகர வரிசைப்படி. ஜமீன் வீட்டுக்காரரான தொக்வில், தன் பேருக்கு எந்த இடம் வருதோ அந்த இடத்துல போய் நின்னுக்கறார். நடக்க முடியாதவங்க வரிசைக் கடைசியில குதிரையிலயும் வண்டியிலயும். மொத்தம் 170 பேர். பெண்களும் குழந்தைகளும் மட்டும்தான் ஊர்ல. வழியில ஒரு மேட்டுல நிறுத்தி அவரைப் பேசச் சொல்றாங்க. வாய்க்கால் கரை மேல ஏறி நின்னு சொல்றார்: யார் பேச்சையும் கேட்டுப் பிரிஞ்சு போகாதீங்க, ஓட்டுப் போடற வரைக்கும் சாப்பிடவோ ஈரம் காயவோ எந்த வீட்டுக்குள்ளயும் நுழையாதீங்க. ஓட்டு எல்லாம் ஒரே நேரத்துல விழுந்துச்சு. அநேகமா எல்லாமே ஒரே ஆளுக்குன்னு நினைக்கக் காரணம் இருக்குன்னு அவரே எழுதறார்.

இதுல என்ன தெரியுது? 200 ஃபிராங்க் தகுதி ஒரே நாள்ல காணாம போச்சு. ஆனா பெரிய வீட்டுச் சொல்லு காணாம போகல. எல்லாருக்கும் ஓட்டு வந்தா சொத்து பறிபோயிடும்னு நடுங்கினவங்க, அந்த ஏப்ரல் தேர்தல்ல பெருவாரியா மிதவாதிகளும் முடியாட்சிக்காரங்களும் ஜெயிச்சதைப் பாத்து மூச்சு விட்டாங்க. தேர்தலைத் தள்ளிப் போடுங்க, கிராமத்து ஜனங்களுக்கு முதல்ல அரசியல் சொல்லிக் கொடுக்கணும்னு போராடினது யார் தெரியுமா? இடதுசாரி பிளாங்கியும் அவர் ஆட்களும். மார்ச் 17-ம் தேதி பெரிய ஊர்வலமே போனாங்க.

செழியன்

நூலக மூலை தந்த விவரத்துக்கு நன்றி. 45 சாந்தீம் வரியை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அரவிந்தனுக்கு ஒரு பதில். லூயி நெப்போலியன் அடியோடு கவிழ்த்த குடியரசில் எல்லோருக்கும் ஓட்டு இருந்ததா? இல்லை. 1850-ல் இடைத்தேர்தல்களில் சோசலிஸ்டுகள் ஜெயிக்கத் தொடங்கியதும், மே 31-ல் சபை சட்டம் போட்டது: ஒரே இடத்தில் மூன்று ஆண்டு குடியிருந்தால்தான் ஓட்டு, அதுவும் வரிப் பதிவேட்டில் தெரிய வேண்டும். வேலை தேடி ஊர் ஊராகப் போகும் தொழிலாளி எப்படிக் காட்டுவான்? ஏறத்தாழ 30 லட்சம் பேர் பட்டியலிலிருந்து போனார்கள். அந்த விவாதத்தில் அவர்களை "இழிந்த கும்பல்" என்று சொன்னவர் தாராளவாதி தியேர். 1830 ஜூலையில் பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் பத்தாம் சார்லஸை எதிர்த்து அறிக்கை எழுதிக்கொடுத்த அதே தியேர்!

1851 டிசம்பர் 2 காலையில் சுவரொட்டிகளில் என்ன இருந்தது? சபை கலைக்கப்பட்டது, எல்லோருக்குமான வாக்குரிமை திரும்ப வந்தது. தாராளவாதிகள் பறித்ததைச் சர்வாதிகாரி திருப்பிக் கொடுத்தான். தொழிலாளி அந்தச் சபையைக் காக்க ஏன் தெருவுக்கு வர வேண்டும்?

தேன்மொழி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தியேர் ஒருத்தரையே 1830, 1850-னு ரெண்டு இடத்துல வெச்சுப் பாத்தாலே பாடம் புரியுது. நான் இதுவரை இவங்களை எல்லாம் தனித்தனி அத்தியாயத்துல தனித்தனி ஆளாதான் படிச்சேன்.

ஒரு சந்தேகம். இது பிரான்சுக்கு மட்டும் உள்ள கதையா? இங்கிலாந்து புரட்சி இல்லாமலேயே படிப்படியா ஜனநாயகத்துக்கு வந்துச்சுன்னு எழுதியிருக்கு. ஜெர்மனியில பிஸ்மார்க் எல்லாருக்கும் ஓட்டு கொடுத்தார்னும் இருக்கு. பழமைவாதி எதுக்கு ஓட்டு கொடுக்கணும்?

அரவிந்தன் கோவை

இங்கிலாந்தைப் பற்றி நான் சொல்கிறேன். 1832-க்கு முன் ஓல்டு சாரம் என்ற ஆளில்லா மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள், மான்செஸ்டருக்கு ஒருவரும் இல்லை. 1832 சட்டம் நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை மதிப்புள்ள வீட்டில் குடியிருப்பவனுக்கு ஓட்டு தந்தது. "ஆண்" என்ற சொல்லைச் சட்டத்திலேயே எழுதி வைத்ததும் அப்போதுதான். அந்த விவாதத்தில் மெக்காலேயின் வாதம்: காக்க வேண்டுமானால் திருத்துங்கள். நடுத்தர வர்க்கத்தை உள்ளே விட்டால்தான் புரட்சி வெளியே நிற்கும்.

உள்ளே விடப்படாத தொழிலாளர்கள் 1838-ல் மக்கள் சாசனம் எழுதினார்கள். ஆறு கோரிக்கை: வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு, ரகசிய வாக்கு, சமமான தொகுதி, உறுப்பினருக்குச் சொத்துத் தகுதி வேண்டாம், உறுப்பினருக்குச் சம்பளம், ஆண்டுதோறும் தேர்தல். 1842-ல் 33 லட்சம் கையெழுத்தோடு மனு வந்தது. அன்று மெக்காலே எழுந்து சொன்னார், எல்லோருக்கும் வாக்குரிமை என்பது நாகரிகம் நிலைப்பதோடு ஒத்துவராது என்று. 287-க்கு 49 என்று மனு தோற்றது. நம் ஊரில் ஆங்கிலக் கல்விக் குறிப்பால் எல்லோருக்கும் தெரிந்த மெக்காலேதான். 1832-ன் கதாநாயகனும் அவர்தான், 1842-ல் கதவைச் சாத்தியவரும் அவர்தான்.

செழியன் இதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வார், எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த ஆறில் ஆண்டுத் தேர்தல் தவிர மற்ற ஐந்தும் பிறகு சட்டமாயின. பத்திரிகையும் பொதுக்கூட்டமும் சங்கமும் இருந்த நாட்டில்தான் தோற்ற மனு திரும்பத் திரும்ப வர முடிந்தது.

திருவையாறு வாத்தியார்

ஜெர்மன் அரசுகளில் பிஸ்மார்க்கின் நாடான பிரஷ்யாவுக்கு நான் வருகிறேன். இதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

1848 புரட்சி தோற்றபின் 1849-ல் மன்னர் அரசு கொண்டுவந்தது மூன்று வகுப்புத் தேர்தல் முறை. வெளித்தோற்றத்துக்கு 24 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு. ஆனால் ஊரின் மொத்த நேரடி வரியை மூன்றாக வெட்டினார்கள். அதிக வரி கட்டுபவரிலிருந்து தொடங்கி, முதல் மூன்றில் ஒரு பங்கு வரி யாரோடு முடிகிறதோ அவர்கள் முதல் வகுப்பு. அடுத்த பங்கு இரண்டாம் வகுப்பு. மிச்சம் எல்லோரும் மூன்றாவது. ஒவ்வொரு வகுப்பும் சம எண்ணிக்கையில் தேர்வாளர்களை அனுப்பும்; அவர்கள் கூடி உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். தொடக்கத்தில் முதல் வகுப்பில் நூற்றுக்கு 4.7 பேர், இரண்டாவதில் 12.6, மூன்றாவதில் 82.7. எஸ்ஸன் நகரசபைக்கும் இதே முறை. அங்கே ஒரு காலத்தில் இரும்பு முதலாளி க்ரூப் ஒருவரே முதல் வகுப்பு முழுவதும்.

வாக்களிப்பு எப்படி? சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது. அறையில் கூட வேண்டும், பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, யாருக்கு என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். மேசைப் பக்கம் பண்ணையாரின் ஆளோ ஆலைக் கண்காணிப்பாளரோ இருப்பார். அடுத்த வாரம் கூலி வாங்க வேண்டியவன் என்ன பெயரைச் சொல்வான்? 1903-ல் சமூக ஜனநாயகக் கட்சி நூற்றுக்கு 19 வரை வாக்கு வாங்கியும் பிரஷ்ய சபையில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. இந்த முறை 1918 வரை இருந்தது.

இனி பிஸ்மார்க். 1867-ல் வட ஜெர்மன் கூட்டமைப்புக்கும் 1871-ல் பேரரசுக்கும் அமைந்த ரைஷ்டாக் என்ற நாடாளுமன்றத்தில் 25 வயது ஆண்கள் எல்லோருக்கும் சமமான, ரகசிய ஓட்டு. ஏன்? 1860-களில் ராணுவ வரவுசெலவை நிறுத்தி அவரைத் திணற அடித்தவர்கள், வசதியுள்ளவர்கள் தேர்ந்தெடுத்த தாராளவாத உறுப்பினர்கள். கிராமத்தான் அரசருக்கு விசுவாசமானவன், வக்கீலையும் வியாபாரியையும் அவன் ஓட்டால் அமுக்கிவிடலாம் என்று பிஸ்மார்க் கணக்குப் போட்டார். லூயி நெப்போலியன் செய்து காட்டியதை அவர் கவனமாகப் பார்த்திருந்தார். கூடவே ஒரு பூட்டும் போட்டார்: ஆட்சியை நடத்தும் சான்சலர் பதில் சொல்ல வேண்டியது பேரரசருக்கு, ரைஷ்டாக்குக்கு அல்ல.

கணக்கு தப்பியது. ஆலைகள் பெருகின, ஓட்டு சோசலிஸ்டுகளுக்குப் போனது. 1878-ல் அவர்கள் அமைப்புகளையும் பத்திரிகைகளையும் தடை செய்தார். 1883-ல் நோய்க் காப்பீடு, 1884-ல் விபத்துக் காப்பீடு, 1889-ல் முதுமை ஓய்வூதியம் என்று கொடுத்தும் பார்த்தார். 1912-ல் அந்தக் கட்சி நூற்றுக்கு 34.8 வாக்கோடு 110 இடம் பிடித்து ரைஷ்டாக்கின் மிகப் பெரிய கட்சி ஆனது.

தேன்மொழி, ஒன்றைக் கவனி. கீசோ, தியேர், மெக்காலே, பிஸ்மார்க், பிளாங்கி எல்லோரும் ஓட்டைக் குறித்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இவன் யாருக்குப் போடுவான்? நமக்கென்றால் கொடு, இல்லையென்றால் ஒத்திவை. பெண்கள் விஷயத்தில் பிரான்சின் இடதுசாரிகளே இதைச் செய்தார்கள். 1919-ல் கீழ்சபை பெண்களுக்கு ஓட்டு என்று நிறைவேற்றியது. 1922-ல் செனட் நிராகரித்தது. பெண்கள் பாதிரியார் சொல்கிறபடி போட்டுக் குடியரசைக் கவிழ்த்துவிடுவார்கள் என்பது அங்கிருந்த ராடிகல் கட்சியினரின் பயம். 1944 ஏப்ரலில் ஆணை வந்து, 1945-ல்தான் பிரெஞ்சுப் பெண் முதல் ஓட்டுப் போட்டாள். உரிமையை உரிமையாகவே கேட்டவர்கள் மிகச் சிலர். 1849-ல் பெண்ணாக இருந்துகொண்டே தேர்தலில் நின்ற ஷான் தெரொவன் அவர்களில் ஒருவர். அந்தப் பெயரை விடைத்தாளில் எழுதாமல் விடாதே.

வல்வை வாசகி

ஐயா சொன்ன அந்த 1945-ஐப் பாத்து ஒண்டு சொல்ல வேணும் எண்டு நினைச்சன். எங்கட இலங்கையில டொனமூர் ஆணைக்குழுவின்ர சிபாரிசில 1931-லயே 21 வயசுக்கு மேற்பட்ட ஆம்பிளை பொம்பிளை ரெண்டு பேருக்கும் வாக்கு வந்திட்டுது. பிரான்சை விட முந்தி. அதை எதிர்த்தவர்களில சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். சட்டசபையில படிச்ச இலங்கையருக்காகத் தனியாக நிண்டு வாதாடின மனுசன், எல்லாருக்கும் வாக்கு எண்டதும் வேண்டாம் எண்டவர். கீசோவைப் பற்றி வாசிக்கேக்க எனக்கு அவற்ற ஞாபகம்தான் வந்தது. தோட்டத் தமிழருக்கு மட்டும் வதிவிட நிபந்தனை எண்டு வேற வேலி போட்டவை. 1850 மே சட்டத்தைச் செழியன் எழுதினதை வாசிச்ச உடன அதுவும் விளங்கிச்சுது.

காரைக்கால்காரன்

எங்க ஊர் விஷயமும் இதுல இருக்குங்க. 1871-லேருந்து பிரெஞ்சு இந்தியா பாரிஸ் சபைக்கு ஒரு உறுப்பினரை அனுப்புச்சு. புதுச்சேரி, காரைக்கால்ல குடியானவருக்கும் ஓட்டு. எல்லை தாண்டினா தஞ்சாவூர் ஜில்லா, அங்க அந்தக் காலத்துல யாருக்கும் அப்படி ஒண்ணு கிடையாது.

ஆனா வாத்தியார் பிரஷ்யா பத்தி எழுதினதைப் படிச்சதும் எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. 1884-ல இங்க உள்ளூர் சபைகளுக்கு மூணு வாக்காளர் பட்டியல் போட்டாங்க. ஐரோப்பியர் ஒண்ணு, இந்து-முஸ்லிம் தனிச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சுச் சட்டத்தை ஏத்துக்கிட்ட "ரெனோன்சான்" ஒண்ணு, மத்த இந்தியர் எல்லாரும் ஒண்ணு. கைப்பிடி அளவு ஐரோப்பியருக்கு முழுசா ஒரு பட்டியல். அங்க வரியால வெட்டினதை இங்க பிறப்பாலயும் சட்ட நிலையாலயும் வெட்டினாங்க. மூணாவது பட்டியலைப் பல வருஷம் கையில வெச்சிருந்தவர் சண்முக வேலாயுத முதலியார். பிரான்ஸ் கொண்டுவந்த சமத்துவத்தால மேல்சாதிக் கட்டு குலைஞ்சிடும்னு பயந்தவங்களோட தலைவர் அவர். அதே பிரான்ஸ் கொடுத்த ஓட்டை வெச்சுத்தான் அதைத் தடுத்தார். தொக்வில் ஊர் வரிசையைப் படிக்கிறப்ப இதுதான் நெனப்பு வந்துச்சு.

செழியன்

காரைக்கால் நண்பருக்கு நன்றி, இது எனக்குப் புதிது. அப்படியானால் ஓட்டு மட்டும் போதாது, ஓட்டுப் போடுகிறவன் யார் தயவிலும் இல்லாமல் இருக்க வேண்டும். கூலி, நிலம், சாதி, ரகசிய வாக்கு எல்லாம் அதில் வருகின்றன. இதைத்தான் 1848 தொழிலாளி வேலை உரிமை என்று கேட்டான் என்பது என் கருத்து. அரவிந்தன், சுதந்திரம் முதலில், ஓட்டு பிறகு என்ற உங்கள் வரிசைக்கு ஒரே ஒரு உதாரணம் காட்டுங்கள், மேலே இருந்தவர்கள் தாங்களாகக் கதவைத் திறந்ததாக.

அரவிந்தன் கோவை

தாங்களாகத் திறந்ததாக ஒன்றும் காட்ட முடியாது. சுதந்திரம் இருந்ததால் கீழே இருந்தவர்கள் திறக்க முடிந்தது என்பதற்குப் பெல்ஜியத்தைக் காட்டுகிறேன்.

1831 பெல்ஜிய சாசனம் அன்றைய ஐரோப்பாவிலேயே மிகவும் தாராளமானது. பத்திரிகை, மதம், கல்வி, சங்கம் எல்லாவற்றுக்கும் உறுதி. வாக்காளர்கள் சுமார் 46,000 பேர்; மக்கள்தொகை நாற்பது லட்சம். உங்கள் வாதப்படி இது வெறும் முதலாளி சாசனம். ஆனால் அந்தச் சங்க உரிமைக்குள்தான் 1885-ல் தொழிலாளர் கட்சி பிறந்தது. கூட்டுறவு ரொட்டிக்கடை வைத்தார்கள், செய்தித்தாள் நடத்தினார்கள், மக்கள் மன்றம் கட்டினார்கள். 1893 ஏப்ரலில் நாடாளுமன்றம் எல்லோருக்கும் ஓட்டு என்ற தீர்மானத்தை நிராகரித்ததும் பொது வேலைநிறுத்தம். மோன்ஸ் நகரில் காவல்படை சுட்டு ஆட்கள் செத்தார்கள். மறுநாளே, ஏப்ரல் 18-ல், சபை பணிந்தது.

முழுதாகப் பணியவில்லை. 25 வயது ஆண்கள் எல்லோருக்கும் ஓர் ஓட்டு, சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்கும் வரி கட்டும் குடும்பத் தலைவர்களுக்கும் கூடுதலாக ஒன்றோ இரண்டோ, மொத்தம் அதிகபட்சம் மூன்று. படித்தவனுக்குக் கூடுதல் ஓட்டு வேண்டும் என்று 1861-ல் எழுதியவர் ஜான் ஸ்டூவர்ட் மில். அவரேதான் 1867-ல் பெண்களுக்கும் ஓட்டு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்து 73 வாக்கு வாங்கியவரும். ஒரே ஆள் தலைக்குள் இரண்டும் இருந்தன. பெல்ஜியத்தின் வாக்காளர் எண்ணிக்கை ஒரே அடியில் பத்து மடங்கானது. ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற தேர்தல் 1919-ல், முதல் உலகப் போர் முடிந்த கையோடு வந்தது. பெண்கள் எல்லோருக்கும் நாடாளுமன்ற ஓட்டு 1948-ல்.

செழியன்

மோன்ஸில் சுடப்பட்டவர்களையும் நீங்களே எழுதிவிட்டீர்கள், அதனால் பெல்ஜியத்தை ஏற்கிறேன். சங்க உரிமை இல்லாமல் அந்த வேலைநிறுத்தம் இல்லை. வேலைநிறுத்தம் இல்லாமல் ஏப்ரல் 18-ம் இல்லை.